மோதிரம் பேசும், சங்கிலி பேசாது

தங்கத்தைக் கண்டுபிடிக்கும் கருவி என்று ஒன்று உலகத்தில் கிடையாது. பழைய மெட்டல் டிடெக்டரை விற்கிறவர் அதற்குத் தங்கக் கருவி என்று பெயர் சூட்டியிருப்பார். பெட்டியின் மேல் தங்கக்கட்டியின் படமும் இருக்கும். ஆனால் அந்தக் கருவிக்குத் தங்கம் எது, தகரம் எது என்று தெரியாது. மின்சாரம் எளிதாக ஓடக்கூடிய ஏதோ ஒன்று மண்ணுக்குள் இருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். அதைக்கூட அது எப்படிச் சொல்கிறது என்று தெரிந்துகொண்டால், முப்பது வருடம் பழைய கருவியின் மீதும் மரியாதை வந்துவிடும்.

தங்கத்தின் விலை ஏறஏற, மலேசியாவின் தெலுக் பங்லிமா காராங் பக்கத்து இளைஞர்கள் சிலருக்கும் தங்கம் தேடும் ஆசை தொற்றிக்கொண்டிருக்கிறது. புதிய கருவி கைக்கு எட்டாத விலை. பழையது ஒன்று யாரோ விற்கிறார், வாங்கலாமா என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கருவியைப் பற்றி மட்டும் கேட்டால் பாதி பதில்தான் கிடைக்கும். மீதிப் பாதி மண்ணில் இருக்கிறது.

முதலில் கருவி. தடியின் நுனியில் தட்டு போல ஒன்று இருக்கிறதே, அதற்குள் இருப்பது செப்புக் கம்பிச்சுருள். கடைக்காரர் வாயில் அது காயில். அதில் ஓடும் மின்சாரம் ஒரு விநாடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறுகிறது. அதனால் காயிலைச் சுற்றி ஒரு காந்தப்புலம் எழுவதும் அடங்குவதுமாக மண்ணுக்குள் இறங்குகிறது. மாறும் காந்தப்புலம் மின்சாரத்தை உண்டாக்கும் என்று மைக்கேல் பாரடே 1831இல் காட்டிவிட்டார். மண்ணுக்குள் ஓர் உலோகத் துண்டு இருந்தால், பேட்டரியோ கம்பித் தொடர்போ எதுவும் இல்லாமலேயே அதற்குள் மின்சாரம் வட்டமிட ஆரம்பிக்கிறது. இதைச் சுழல் மின்னோட்டம் என்கிறோம். வட்டமிடும் அந்த மின்சாரம் தன் பங்குக்கு ஒரு சிறிய காந்தப்புலத்தை மேலே அனுப்புகிறது. காயில் அதைப் பிடித்துக் காதொலியாக மாற்றுகிறது. புதைந்து கிடக்கும் பொருள் சில கணங்களுக்கு ஒரு மின்காந்தமாகிவிடுகிறது என்பதுதான் இதில் உள்ள அதிசயம். நாம் கேட்பது அதனுடைய பதிலை.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் டிடெக்டரின் முன்னால் ஒரு 916 தங்க மோதிரத்தைக் காட்டினால் கருவி அலறும். அதைவிடப் பல மடங்கு எடையுள்ள மெல்லிய சங்கிலியைக் காட்டினால் முனகுவதோடு சரி, சில சமயம் அதுவும் இருக்காது. எடைக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லாதது போலத் தோன்றும். காரணம் வடிவம். மோதிரம் மூடிய வட்டம் என்பதால் மின்சாரம் தடையில்லாமல் சுற்றி வருகிறது. சங்கிலியோ நூற்றுக்கணக்கான குட்டி வளையங்கள். ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தாலும், அந்தத் தொடுகையில் மின்சாரம் சரியாகக் கடப்பதில்லை. ஆகவே கருவிக்கு அது ஒரு சங்கிலியாகத் தெரிவதில்லை, தனித்தனிக் குட்டி வளையங்களாகத்தான் தெரிகிறது. மோதிரத்தை ஓரிடத்தில் அறுத்துவிட்டாலும் அதன் குரல் சட்டென்று தணிந்துபோகும். நம் பக்கத்து மோரிப் கடற்கரையில் தாலிச் சங்கிலியைத் தொலைத்தவருக்கு, மோதிரம் தொலைத்தவரைவிட டிடெக்டரால் கிடைக்கும் நம்பிக்கை குறைவு. கேட்கச் சங்கடமான செய்திதான், ஆனாலும் உண்மை.

அடுத்தது ஆழம். ஆழம் இரட்டித்தால் சத்தம் பாதியாகும் என்றுதான் நினைக்கத் தோன்றும். காயிலின் அளவோடு ஒப்பிட ஆழம் அதிகமாகிவிட்டால் கணக்கே வேறு. கீழே இறங்கும் காந்தப்புலம் தூரத்தின் முப்படியில் மெலிகிறது. மேலே திரும்பும் பதிலும் அதேபோல் முப்படியில் மெலிகிறது. இரண்டையும் பெருக்கினால் ஆறாம் படி. ஆழம் இரண்டு மடங்கானால் பதில் 64இல் ஒரு பங்காகிவிடும். இரண்டு மீட்டர் ஆழத்துத் தங்கத்தையும் காட்டும் என்று ஒருவர் விளம்பரம் செய்தால், தங்கத்தின் அளவு என்ன என்று திருப்பிக் கேட்க வேண்டும். அண்டா அளவு என்றால் ஒப்புக்கொள்ளலாம். மிளகு அளவு என்றால் ஓரிரு அங்குலத்தோடு நின்றுவிடும்.

மிளகு அளவுத் தங்கத்துக்கு வேறொரு சிக்கலும் உண்டு. அதற்குள் எழும் மின்னோட்டம் நெடுநேரம் நிலைப்பதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால், 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள சுத்தத் தங்க உருண்டையில் அது ஏறக்குறைய 5 மைக்ரோவிநாடியில் தளர்ந்துவிடும். ஒரு சென்டிமீட்டர் உருண்டையில் 130 மைக்ரோவிநாடி வரை தாங்கும். மைக்ரோவிநாடி என்பது விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இயற்கைத் தங்கத்தில் வெள்ளி கலந்திருக்கும், கரடுமுரடாகவும் இருக்கும். அதன் ஆயுள் இன்னும் குறைவு. பழைய கருவிகளில் எது எதற்கு உதவும் என்பது பெரும்பாலும் இந்த எண்களில்தான் அடங்கியிருக்கிறது.

டிடெக்டர்களில் இரண்டு குலம் உண்டு. வி.எல்.எஃப். வகை இடைவிடாமல் அலையை அனுப்பிக்கொண்டே கேட்கும். பி.ஐ. வகை ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு, அமைதியாகி, பிறகு கேட்கும். ஃபிஷர் நிறுவனத்தின் கோல்டு பக் 2 என்ற பழைய கருவி முதல் குலம். அது 71 கிலோஹெர்ட்ஸில் ஓடுவதால் பொடித் துணுக்குகளையும் உணர்ந்துவிடும், ஆனால் ஆழம் போகாது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1985இல் தொடங்கிய மைன்லேப் நிறுவனம், புரூஸ் கேண்டி வடிவமைத்த எஸ்டி 2000 கருவியை 1990களின் நடுவில் கொண்டுவந்தது. அது இரண்டாம் குலம். துடிப்பு அடங்கும்வரை காத்திருந்து கேட்பதால் அந்தக் காலத்துப் பி.ஐ. கருவிகள் பொடியைத் தவறவிடும். பெரிய கட்டிகளை மட்டும் ஆழத்திலிருந்து பிடிக்கும். எல்லாம் எடுத்தாகிவிட்டது என்று கைவிடப்பட்ட ஆஸ்திரேலியத் தங்க வயல்களில் மறுபடியும் தங்கம் கிடைக்க ஆரம்பித்தது இந்த வகைக் கருவிகளால்தான். இவற்றை வாங்கலாமா என்றால், வாங்கலாம். இயற்பியல் மாறவில்லை, தங்கமும் மாறவில்லை. 1980இல் விக்டோரியா மாநிலத்தின் கிங்கோவரில், காரெட் நிறுவனத்தின் அன்றைய சாதாரண டிடெக்டர் ஒன்றுதான் 27 கிலோ எடையுள்ள 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' கட்டியைக் காட்டிக்கொடுத்தது.

கருவியைவிட மண், அதாவது தேடும் பொருளைச் சுற்றியிருப்பது, முக்கியம் என்பதை டிடெக்டர் துறை பிறந்த நாளிலேயே கற்றுக்கொண்டது. 1881இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலுக்குள் இருந்த குண்டைத் தேட, தொலைபேசி புகழ் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் ஒரு கருவியோடு வந்தார். கருவி நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் அதிபர் படுத்திருந்த மெத்தைக்குள் இருந்த எஃகுக் கம்பிகளும் சேர்ந்து பதில் சொல்லிக் குழப்பிவிட்டன. குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று நம்பிய மருத்துவர், மறுபக்கம் தேடவும் விடவில்லை. குண்டு அகப்படவில்லை, அதிபர் இறந்துபோனார். பிறகு கெர்ஹார்டு ஃபிஷர் 1937இல் கையில் தூக்கிச் செல்லும் டிடெக்டருக்குக் காப்புரிமை பெற்றார். விமானங்களுக்குத் திசைகாட்டும் ரேடியோவில் வேலை செய்தபோது, நிலத்தில் உலோகக் கனிமம் உள்ள இடங்களில் அளவு பிசகுவதைக் கவனித்தவர் அவர். மற்றவர்கள் பிழை என்று ஒதுக்கியதை அவர் செய்தியாக வாசித்தார்.

நம் ஊர் மண் சொல்லும் செய்தி என்ன? கிள்ளானிலிருந்து பந்திங் போகும் வழியெல்லாம், இந்தப் பக்கம் தெலுக் பங்லிமா காராங், அந்தப் பக்கம் கேரித் தீவு, செம்பனை நிற்கும் நிலம் முழுவதும் கடலும் ஆறும் கொண்டுவந்து கொட்டிய களிமண். ஐந்தாறு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைவிடச் சில மீட்டர் உயர்ந்திருந்தது. அப்போது இதெல்லாம் தண்ணீர். அந்தக் களிமண்ணில் தங்கம் கிடைக்காது. சாபம் ஒன்றும் இல்லை, எடைதான் காரணம். தங்கம் தண்ணீரைப்போல் 19 மடங்கு கனமானது. ஆற்று நீரின் வேகம் தளரும் முதல் இடத்திலேயே, மேட்டு நிலத்துக் கூழாங்கற்களுக்கு அடியில், பாறைப் பிளவுகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். கடலோரம்வரை மிதந்து வருவது மாவு போன்ற களிமண் மட்டும்தான். போதாததற்கு, தீபகற்பத்தின் மேற்குப் பட்டை வெள்ளீயத்துக்குப் பேர்போனது. தங்கம் மத்திய மலைத்தொடருக்குக் கிழக்கே, ரவுப், கோலா லிப்பிஸ், கிளந்தான் வழியாகப் போகும் பட்டையில் இருக்கிறது. ரவுப்பில் 1889இல் வில்லியம் பிப்பி தொடங்கிய ஆஸ்திரேலியக் கம்பெனி பல பத்தாண்டுகள் பூமிக்கடியில் வெட்டியெடுத்தது. அந்தச் சுரங்கத்துக்காகத்தான் செம்பம் ஆற்றில் 1900 வாக்கில் நீர்மின் நிலையமே கட்டினார்கள்.

ஆகவே தெலுக் பங்லிமா காராங்கில் இருந்துகொண்டு தங்கம் தேடுபவர் வண்டி எடுத்துக்கொண்டு மலையைத் தாண்டத்தான் வேண்டும். தாண்டினாலும் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். ரவுப்பின் தங்கம் பெரும்பாலும் பாறைக்குள் பொடியாக விரவிக் கிடப்பது. நம் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயலும் அப்படித்தான். ஒரு டன் பாறைக்குச் சில கிராம் என்ற கணக்கில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே வரை தோண்டி, 2001இல் மூடப்பட்டது. அந்தப் பாறையை மேலே கொண்டுவந்து டிடெக்டரை வைத்துத் தேய்த்தாலும் பொடித் தங்கம் வாய் திறக்காது. ஒவ்வொரு பொடிக்குள்ளும் எழும் மின்னோட்டம் அவ்வளவு சிறிது, அவ்வளவு குறுகிய ஆயுள். டிடெக்டருக்குக் கட்டி வேண்டும். பொடிக்கு, மண்ணை நீரில் அலசித் தங்கத்தைப் பிரிக்கும் டூலாங் தட்டும் ஆற்று நீருமே போதும். மலேசிய நிலைமையில், கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் முதலில் டூலாங் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன்.

மலையடிவாரச் செம்மண்ணுக்கும் கடலோரக் களிமண்ணுக்கும் டிடெக்டர் காதில் பெரிய வேறுபாடு உண்டு. செம்மண்ணில் இருக்கும் இரும்புத் துகள்கள் காந்தத் தன்மை கொண்டவை. காயில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் மண்ணே பதில் சொல்லும். அந்தப் பதிலைக் கழித்துக் காட்டும் திருகைத்தான் 'கிரவுண்டு பேலன்ஸ்' என்கிறார்கள். பழைய கருவிகளில் அதைக் கையால் திருக வேண்டும். காயிலை மண்ணுக்கு மேல் ஏற்றி இறக்கிக்கொண்டே, ஏறும்போதும் இறங்கும்போதும் ஒலி மாறாத இடம் வரும்வரை திருக வேண்டும். மோரிப் போன்ற உப்பு ஈரத்தில் வேறு தொல்லை. உப்புத் தண்ணீர் தானே மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், 71 கிலோஹெர்ட்ஸ் கருவி கடற்கரையில் ஓயாமல் கத்தும். பி.ஐ. கருவிக்கு அந்தத் தொல்லை மிகக் குறைவு, ஏனென்றால் உப்பு நீரில் எழும் மின்னோட்டம் அது கேட்கத் தொடங்குவதற்குள் அடங்கிவிடும்.

இனி வாங்குவது. விற்பவர் வீட்டு வரவேற்பறையில் கருவியை ஓட்டிக் காட்டினால் நம்ப வேண்டாம். சிமெண்டுத் தரைக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது, கருவி கத்தத்தான் செய்யும். எதிரில் உள்ள திடலுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். உயர்மின் கம்பிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அருகே நின்றால் நல்ல கருவியும் படபடக்கும், தள்ளி நில்லுங்கள். பாக்கெட்டில் ஒரு தூண்டில் ஈயக்குண்டு எடுத்துப்போங்கள். சிறிய ஈயம் தரும் பதில் சிறிய இயற்கைத் தங்கத்தை ஏறக்குறைய ஒத்திருக்கும். அதைக் காகிதத்தில் ஒட்டிக் காயிலுக்குக் குறுக்கே அசைத்துப் பார்த்தால் கருவியின் கூர்மை தெரிந்துவிடும்.

பிறகு பேட்டரிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால், பழைய செல் கசிந்து தகட்டை அரித்திருக்கிறது. சுரண்டிச் சுத்தம் செய்தாலும் அந்த இடத்தில் மின்சாரம் விட்டுவிட்டுத்தான் வரும். கருவியை ஓடவிட்டபடியே காயிலின் கேபிளை, அது காயிலுக்குள் நுழையும் இடத்தில், மெதுவாக வளைத்துப் பாருங்கள். சடசடவென்றால் உள்ளே கம்பி அறுந்துகொண்டிருக்கிறது. காயிலை விரலால் தட்டுங்கள். தட்டும்போதெல்லாம் கத்தினால், உள்ளே பசை விட்டுக் கம்பி ஆடுகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு திருகையும் முழுச் சுற்று திருப்பிப் பார்த்தால் அழுக்கு ஏறிய இடத்தில் கரகரக்கும். கடைசியாக அரை மணி நேரம் ஓடவிடுங்கள். இதற்கு விற்பவருக்குப் பொறுமை இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள். உள்ளிருக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் வயதானால் காய்ந்துபோகும். சூடு ஏறஏற அடிநாதம் நிலையில்லாமல் அலையும்.

அந்த அடிநாதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய கருவியில் ஹெட்ஃபோனை மாட்டினால் கொசு பறப்பது போல மெல்லிய ரீங்காரம் ஓயாமல் கேட்கும். புதிதாக வாங்கியவர்கள் அதை எரிச்சல் என்று குறைத்துவிடுகிறார்கள். தவறு. சிறிய தங்கம் அலறாது. அந்த ரீங்காரம் ஒரு கணம் தடித்துத் தணியும், சில சமயம் ஒரு கணம் விட்டுப்போகும், அவ்வளவுதான். எண்ணைக் காட்டும் புதிய திரைகள் இதை எளிதாக்கியிருக்கின்றன என்பது உண்மை. ஆனால் காது பழகியவருக்குப் பழைய கருவியின் ஒலியில் நிறைய விவரம் இருக்கிறது. காயில் மண்ணைத் தொடாத குறையாக, தரைக்கு இணையாக, மெதுவாக அசைய வேண்டும். எஃகு முனை வைத்த தொழிற்சாலைப் பாதுகாப்புக் காலணியோடு போனால் ஒவ்வோர் அடியும் தங்கம் என்று கேட்கும். இரும்பை மட்டும் வடிகட்டும் வசதியை நம்பி, தோண்டாமல் விட்டுவிடவும் கூடாது. அலுமினியத் தாளும் டின் மூடியின் வளையமும் தங்கமும் ஒரே வரிசையில் பதில் சொல்லும். ஆழத்தில் உள்ள தங்கம், செம்மண்ணின் குறுக்கீட்டால், இரும்பு போலவும் கேட்கும். சந்தேகமென்றால் தோண்டிப் பார்ப்பதுதான் வழி.

இரண்டு எச்சரிக்கைகள். பிரபலக் கருவிகளுக்கு, குறிப்பாக மைன்லேப் பெயரில், போலிகள் நிறைய உண்டு. வரிசை எண்ணைத் தயாரிப்பாளரிடம் கேட்டு உறுதி செய்யாமல் பெரிய தொகை கொடுக்காதீர்கள். அதேபோல உதிரிப் பாகம் கிடைக்குமா என்று பாருங்கள். பெயர்பெற்ற ஒயிட்ஸ் நிறுவனம் 2020இல் மூடப்பட்டது. அதன் கருவி நல்லதுதான், ஆனால் காயில் போனால் பழைய சந்தையில்தான் தேட வேண்டும்.

மண்ணுக்கடியில் இருக்கும் கனிமம் மாநிலத்துக்குச் சொந்தம். ரவுப் பக்கம் போகிறவர்கள் நில உரிமையாளரின் சம்மதத்தோடு, மாநில நில, கனிம அலுவலகத்தில் அனுமதி கேட்டுவிட்டுத்தான் தோண்ட வேண்டும். நம் கடற்கரையில் வேறோர் ஆபத்தும் இருக்கிறது. 1945 செப்டம்பர் 9ஆம் தேதி மோரிப்பில் பிரிட்டிஷ் இந்தியப் படை கரையிறங்கியது. சேற்றில் எத்தனையோ வண்டிகள் புதைந்து நின்றன. போர்க்காலத்து இரும்பு இந்தக் கரையோரத்தில் இன்னும் எங்கே கிடக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. நீளவாட்டில், கனமாக, துருப்பிடித்த உருளை ஒன்று தென்பட்டால், அது வெடிக்காத குண்டாக இருக்கலாம், தொடாதீர்கள். விலகி வந்து 999ஐ அழையுங்கள்.

எனக்கு மிகுந்த கவலை தருவது இன்னொன்று. பந்திங் அருகே கம்போங் சுங்கை லாங்கில் 1964இல் இரண்டு வெண்கல முரசுகள் கிடைத்தன. வியட்நாம் பக்கத்து டோங்சோன் பண்பாட்டைச் சேர்ந்தவை, இரண்டாயிரம் ஆண்டுகள் பழமை. அவை ஒரு படகுப் பலகையின் மேல் வைக்கப்பட்டிருந்தன. வெண்கலத்துக்கு வயது சொல்வது கடினம். மரத்துக்குக் கார்பன் சோதனையால் சொல்லலாம். அந்தப் பலகைதான் முரசின் காலத்துக்குச் சாட்சி. டிடெக்டருக்கு முரசு கேட்கும், பலகை கேட்காது. கருவியோடு வந்த ஒருவர் முரசை மட்டும் பெயர்த்தெடுத்து, மக்கிய மரத்தை மண்வெட்டியால் ஒதுக்கியிருந்தால், நமக்குக் கிடைத்திருப்பது ஒரு பழைய பாத்திரம் மட்டும்தான். கிள்ளானில் கிடைத்த பழங்கால வெண்கல மணி இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் கோலா லங்காட் மாவட்டத்துக் களிமண்ணுக்குள் இன்னும் என்னென்ன இருக்கின்றனவோ.

2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி, பழம்பொருள் என்று தோன்றும் எதையாவது கண்டெடுப்பவர் உடனே மரபுடைமை ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். பழைய டிடெக்டர் வாங்குங்கள், மலையைத் தாண்டிப் போய்த் தங்கம் தேடுங்கள், கிடைத்தால் மகிழ்ச்சி. ஆனால் கோலா லங்காட்டில் காயில் ஒலித்து, தோண்டிய குழிக்குள் பச்சை பூத்த வெண்கலமும் அதன் அடியில் கறுத்த மரமும் தெரிந்தால், அங்கேயே மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள்.